ரோஸ் கென்னடியின் ஜெபமாலை
பாஸ்டனில் ஞானஸ்நானம் பெற்ற செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்திலேயே, 104 வயதில் மறைந்த ரோஸ் கென்னடிக்கு 1995-ல் இறுதித் திருப்பலி நடந்தது. ஒன்பது பிள்ளைகளின் தடுப்பூசி விவரங்களைக்கூட அட்டைகளில் குறித்து வைத்த தாய். திருப்பலியும் ஜெபமாலையும்தான் அன்றாடம். 1951-ல் போப் 12-ம் பயஸ் 'கவுண்டஸ்' பட்டம் அளித்தார்.

அந்தப் பக்திக்குக் கடுமையான முகமும் உண்டு. 1944-ல் மகள் கேத்லீன் புராட்டஸ்டன்ட் ஒருவரை மணந்ததை எதிர்த்தார். 1948-ல் விமான விபத்தில் இறந்த அவரது அடக்கத்துக்கும் போகவில்லை.

1963-ல் ஜான், 1968-ல் ராபர்ட் என்று இரு மகன்கள் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ராபர்ட் இறந்தபோது மருமகள் 11-வது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். அந்தப் பேத்தி பிறந்தபோது பாட்டிக்கு வயது 78. கையில் அதே ஜெபமாலை. மகளிடம் வளைந்துகொடுக்காத அந்தப் பிடிவாதம்தான், மகன்களைப் புதைத்த பிறகும் அவரை நிமிர்ந்து நிற்க வைத்தது.