கண் மங்கிக் காது தெளிந்த படம்

பழைய லைக்கா கமராவில் சோவியத்தின் ஜுபிட்டர்-8 வில்லையைப் பூட்டி, அருகிலிருப்பவரின் முகத்தைப் படமெடுத்தால் பல வேளைகளில் கண்கள் மங்கிக் காதுகள் தெளிந்திருக்கும். “ரஷ்யச் சரக்கு இப்படித்தான்” என்று தீர்ப்புச் சொல்ல நம்மவர்களுக்கு இது போதும்.

தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டாமா? தெஹிவளைக் கடற்கரையில் தொடுவானத்துக் கப்பலை நோக்கினேன். தூரமானியின் இரு பிம்பங்களும் ஒன்றாயின, படமும் தெளிவாகவே விழுந்தது. பிறகு செய்தித்தாளொன்றைச் சாய்த்து வைத்து, துவாரத்தை முழுவதும் திறந்து, நடுவரியைக் குறிவைத்தேன். லைக்காவின் சொந்த வில்லையில் நடுவரி தெளிந்தது. ஜுபிட்டரில் அதற்கு அப்பாலிருந்த வரி தெளிந்தது. ஆகவே தூரமானி நிரபராதி.

வில்லையும் நிரபராதியே! லைக்காவின் தூரமானி 51.6 மில்லிமீற்றர்க் குவியத்தூரத்துக்கு அமைந்தது; ஜுபிட்டரோ ஜெர்மனியின் கொன்ராக்ஸ் அளவான 52.4-ஐத் தழுவியது. தொலைவில் இரண்டும் இணங்கும், அருகில் பிணங்கும். இதில் தொழிலாளியின் கைக்குற்றம் எங்கே?

லைக்காவைப் பார்த்துச் சோவியத்தில் முதலில் ‘ஃபெட்’ கமராக்களைச் செய்தவர்கள், கார்க்கோவில் மக்கரென்கோ நடத்திய கொம்யூனின் அநாதைச் சிறுவர்கள். 1934இல் அங்கு தொடர் உற்பத்தி நடந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு வில்லையையும் அதற்குரிய உடலோடு பொருத்திச் சரிசெய்தார்கள். பிரித்து வேறு உடலில் மாட்டிவிட்டு அவர்களைக் குறைகூறுவது நேர்மையாகாது.

ஜுபிட்டருக்குப் பரிகாரம் உண்டு. கண்ணாடித் தொகுதியைத் தாங்கும் மெல்லிய வளையத்தைச் சற்றே தடிப்பாக்கினால் முகம் தெளியும். தூரக்காட்சிக்குத் துவாரத்தை எட்டுவரை சுருக்கிக்கொள்ள வேண்டும்.