காசியில் விட்டு வந்தது

சென்ற சிவராத்திரியை ஒட்டிக் காசி யாத்திரை சென்றிருந்தோம். கங்கையாடி, விசுவநாதரைத் தரிசித்துத் திரும்புகையில், கோதோலியா அருகே ஒரு சந்தில் ‘அரசு பாங்குக் கடை’ என்று இந்தியில் எழுதிய பலகையைக் கண்டு வியந்து நின்றோம். கஞ்சாவைக் குற்றமென்று கூறும் நாட்டில், அதே செடியின் இலையை உரிமம் பெற்ற கடை விற்பது எங்ஙனம்?

1985ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அச்செடியின் பிசினைச் சரஸ் என்றும், பூக்கும் காய்க்கும் நுனிகளைக் கஞ்சா என்றும் வகுத்துத் தடுக்கிறது; நுனியோடு சேராத இலையையும் விதையையும் விட்டுவிடுகிறது. அந்த இலையே பாங்கு. அதனை ஆளும் பொறுப்பு மாநிலங்களுடையது. உத்தரப் பிரதேசமும் ராஜஸ்தானும் உரிமம் அளித்து விற்க விடுகின்றன. அஸ்ஸாம் 1958இலேயே சட்டமியற்றித் தடுத்தது. மகாராஷ்டிரத்தில், 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம்.

எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர் மும்பை நண்பர்களுக்கென ஒரு பொட்டலம் வாங்க முனைந்தார். “தம்பி, கடைக்காரரின் உரிமம் உன்னோடு இரயிலேறி வராது” என்று தடுத்தோம். இலையோடு பூநுனி கலந்திருந்தால் மத்தியச் சட்டமும் குறுக்கிடும். ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சாவுக்கும் ஓராண்டு வரை சிறை நேரலாம். வெளி மாநிலத்தில் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சிறிய துன்பமா?

காசிக்குச் சென்றால் விருப்பமான ஒன்றை விட்டு வருதல் நம் மரபு. பெரியோர் பாகற்காயை விட்டனர். தம்பி பொட்டலத்தை விட்டார். கங்கைச் செம்போடும் காசிக் கயிற்றோடும் கவலையின்றி வீடு திரும்பினோம்.