வதை எத்தனை தலைமுறை நீடிக்கும்?

அறிவியல் புனைகதை எழுதுகிறவருக்கு ஓர் இனத்தையே வதைப்பது எளிது. ஒரு பத்தி போதும். அந்த வதை பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகும் நீடிக்குமா என்று யோசிக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது.

துருக்கி ஓவியர் சி. எம். கோஸெமென் 2006-இல் இணையத்தில் வெளியிட்ட 'ஆல் டுமாரோஸ்' இதை நேர்மையாக யோசித்த நூல். 'கூ' என்ற வேற்றுலக இனம் மனிதர்களை வென்று, இஷ்டம்போல் உருமாற்றுகிறது. மூர்க்கமாக எதிர்த்துநின்ற ஓர் உலகத்தாருக்குத்தான் மிகக் கொடிய தண்டனை. தோலும் தசையுமாக விரிந்துகிடந்து கழிவை வடிகட்டும் பிண்டங்களாகிறார்கள். தங்கள் கதியைத் தாங்களே பார்க்கட்டும் என்று கண்ணும் உணர்வும் மட்டும் விட்டுவைக்கப்படுகின்றன.

அதே நூலில் வரும் மான்டலோப்களுக்கு மனித மனம், மேய்கிற விலங்கின் உடல். 'கூ' போனபின் அந்த மனம் தலைமுறை தலைமுறையாக மங்கி அணைந்துவிடுகிறது. இதில் இரக்கம் எதுவும் இல்லை. மனித மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஓய்வில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே தின்கிறது. புல் மேய்ந்து பிழைக்கும் உயிருக்கு, துயரப்பட மட்டுமே உதவுகிற மூளை கட்டுப்படியாகாது.

உடல்வலியை அப்படிச் சுலபமாகக் கழற்றிவிட முடியாது. அதே 2006-இல் வட பாகிஸ்தானில் வலியே அறியாதவர்கள் பிறந்த சில குடும்பங்களைப் பற்றிய மரபணு ஆய்வு வெளியானது. அந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்த சிறுவன், தெருவில் கையில் கத்தி குத்திக்கொண்டும் தணலில் நடந்தும் வித்தை காட்டியவன். 14 வயது நிறையுமுன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். பரிணாமத்தில் தன் பாத்திரங்களுக்கு வலியே அற்றுப்போனது என்று எழுதுகிறவர், அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும்.

இன்னொன்று, வதைத்தவன் இன்னும் அங்கேயே இருக்கிறானா என்பது. பக் நாய்களின் மூச்சுத்திணறல் தலைமுறை தாண்டித் தொடர்வது, சப்பை மூக்குள்ளவற்றையே மனிதர் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவதால்தான். புல்டாக் நாய்கள் பெரும்பாலும் அறுவைசிகிச்சையில்தான் குட்டி ஈனுகின்றன. காட்டில் விட்டால் அந்த வம்சம் அதிகநாள் தாங்காது. 'கூ' கிளம்பிய நாளிலிருந்து பிண்டங்களையும் அந்த வதையிலேயே பிடித்துவைக்க யாரும் இல்லை.

அந்தப் பிண்டங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓயாமல் அலறிக்கொண்டிருந்ததாக நினைக்கும் வாசகர்கள் உண்டு. அப்படி இருக்க வழியில்லை. வாயும் மொழியும் இல்லாத உயிர், தான் யாராக இருந்தோம் என்பதை அடுத்ததற்கு எப்படிச் சொல்லும்? பின்னால் பிறந்தவற்றுக்குத் தோல் கிழிந்தால் வலிக்கும், அவ்வளவே. இழந்ததை எண்ணி நோக அவற்றிடம் எதுவும் இல்லை. அந்தக் கொடுமை முழுவதும் முதல் தலைமுறையின் தலையில்தான் இறங்கியது. எழுத்தாளர் தங்கி நிற்கவேண்டிய இடமும் அதுவே. கோஸெமெனோ அதை ஓரிரு பக்கத்தில் கடந்துபோய்விடுகிறார்.