159 இன்னிங்ஸும் கொஞ்சமும்

2010 ஜூன் 8 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் மைதானத்தில் இருந்த 40,000 பேரில் நானும் ஒருவன். அலுவலகத்தில் யாருக்கோ வர முடியாமல் போன டிக்கெட். எம்.எஸ். முடித்து வர்ஜீனியாவில் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியும், பேஸ்பால் எனக்குப் புரியாத கிரிக்கெட்டாகத்தான் இருந்தது.

அன்று ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற 21 வயது பிட்சருக்கு முதல் ஆட்டம். மணிக்கு 100 மைலை ஒட்டி ஒரு பந்து வரும். அடுத்தது அதே கைவீச்சில் 90-க்கு இறங்கும். அதற்குள் மட்டை சுற்றி முடித்திருக்கும். பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக 7 இன்னிங்ஸ், 94 பந்துகள், 14 ஸ்ட்ரைக் அவுட். கடைசி ஏழு பேரையும் வரிசையாக அப்படியே திருப்பி அனுப்பினார். பக்கத்து இருக்கைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றோடு எனக்கு விளையாட்டு புரிந்துவிட்டது.

12 ஆட்டங்கள், 92 ஸ்ட்ரைக் அவுட். ஆகஸ்டில் பிலடெல்பியாவில் ஒரு பந்தை எறிந்துவிட்டுக் கையை உதறினார். முழங்கைத் தசைநார் கிழிந்திருந்தது. உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோக்கும் 'டாமி ஜான்' அறுவைச் சிகிச்சை. ஒரு வருடம் போயிற்று.

2012-இல் 15 வெற்றிகள். அணி பிளேஆஃபை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, செப்டம்பரில் 159 இன்னிங்ஸும் கொஞ்சமும் எறிந்த நிலையில், கை தாங்காது என்று நிர்வாகம் அவரை உட்கார வைத்தது. அக்டோபரில் கடைசி ஆட்டத்தில் 6-0 என்று முன்னிலையில் இருந்து, செயின்ட் லூயிஸிடம் 9-7-க்குத் தோற்றது. அலுவலகத்தில் அதிகம் கத்தியவன் நான்தான். எறியத்தானே கை?

இப்போது என் மகனுக்கு 11 வயது. அவனும் பிட்சர். அந்த வயதுக்கு லிட்டில் லீக்கில் ஒரு நாளைக்கு 85 பந்துகள்தான். நடுவில் ஒருவர் எண்ணிக்கொண்டே இருப்பார்.

போன மாதம் ஆட்டம் முடிந்து காரில் ஏறியவன், சீட் பெல்ட்டை இடது கையால் இழுத்தான்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்லப்பா."

வீட்டில் ஸ்பூனும் இடது கைக்கு மாறியிருந்தது. அவன் அம்மாதான் முதலில் கேட்டாள். மூன்று வாரமாக வலியாம்.

மருத்துவர் முழங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு எத்தனை பந்து என்று கேட்டார். லீக் கணக்கைச் சொன்னேன். மகன் என்னைப் பார்த்தான். பிறகுதான் மீதியையும் சொன்னேன்: தினமும் சாயங்காலம், வீட்டுக்குப் பின்னால் நானே கையுறை மாட்டி உட்கார்ந்து, "இன்னும் பத்து" என்று வாங்கியவை. அவற்றை யாரும் எண்ணவில்லை. ஆறு வாரம் பந்தையே தொடக்கூடாது என்றார்.

ஸ்ட்ராஸ்பர்க் 2019 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதன்பின் எட்டே ஆட்டங்கள், 2024-இல் ஓய்வு. 2012 முடிவு சரியா தவறா என்று வாதாட இரண்டு கட்சிக்கும் இதில் விஷயம் இருக்கிறது. நான் கட்சி மாறிவிட்டேன்.

இது நான்காவது வாரம். மாலையானால் கையுறைக்கு எண்ணெய் தடவித் துடைத்து மறுபடி அலமாரியில் வைக்கிறான். பந்துகளை நான் கார் டிக்கியில் பூட்டி வைத்திருக்கிறேன்.