முழுமை பெறாத பொருள்

கணனி நிரலில் வழுவைத் தேடுபவர் முதலில் பிறர் எழுதிய வரிகளையே ஐயுறுவர். நானும் அவ்வாறே செய்தேன். அதனால் ஒரு மாணவரின் மூன்று வாரங்கள் வீணாயின.

பழைய மழைவீழ்ச்சிப் பதிவேடுகள் அங்குலத்தில் அமைந்தவை. அவற்றை மில்லிமீற்றருக்கு மாற்றிக் கூட்டுவதற்கென ஜாவா மொழியில் சிறியதொரு நிரல் நூலகத்தை எழுதி, மாணவர் பயன்பாட்டுக்கு வழங்கியிருந்தேன். அதிலுள்ள 'பதிவேடு' என்னும் அடிப்படை வகுப்பு என்னுடையது. அம்மாணவர் தமது இறுதியாண்டு ஆய்வுக்காக அதன் வழிவந்த வகுப்பொன்றை எழுதி, அதிலே 25.4 என்னும் மாற்றுக் காரணியை வைத்திருந்தார். கிடைத்த மொத்தமோ எப்பொழுதும் பூச்சியம். "உமது பகுதியைச் சரிபாரும்" என்று திருப்பியனுப்பினேன்.

அவர் சரிபார்த்தார். காரணியை அச்சிட்டுப் பார்த்தால் 25.4 என்றே வந்தது. ஒருமுறை அக்காரணிக்கு முன்னே 'ஃபைனல்' என்ற சொல்லைச் சேர்த்ததும் மொத்தம் சரியாயிற்று. காரணம் தெரியாமல் மறைந்த வழுவை நாங்கள் இருவரும் தீர்ந்ததாகவே நம்பினோம். பின்னர் காரணியைக் கோப்பிலிருந்து வாசிக்குமாறு அவர் மாற்றினார், மீண்டும் பூச்சியம். அவர் தமது வகுப்பு முழுவதையும் அழித்து எழுதத் தொடங்கினார்.

ஓரிரவு, வேறு வழியின்றி, என் நூலகத்தையே வரிவரியாக இயக்கிப் பார்த்தேன். ஜாவாவில் ஒரு பொருள் உருவாகும்போது அடிப்படை வகுப்பின் ஆக்கியே முதலில் இயங்கி முடியும். அதன் பின்னரே வழிவந்த வகுப்பின் மாறிகள் தமக்குரிய தொடக்கப் பெறுமானத்தைப் பெறும். அதுவரை எண்மாறிகளில் இருப்பது பூச்சியமே. என் ஆக்கியோ அவசரப்பட்டு, அங்குலத்தை மாற்றும் முறையைத் தனக்குள்ளிருந்தே அழைத்தது. அவ்வழைப்பு மாணவர் எழுதிய முறைக்குச் சென்றது. அங்கே காரணி இன்னும் பூச்சியமாகவே இருந்தது. பொருள் உருவாகி முடிந்தபின் அச்சிட்டவருக்கு 25.4 தெரிந்ததில் வியப்பில்லை. 'ஃபைனல்' சேர்த்தபோது தொகுப்பான் அவ்வெண்ணை மாறிலியெனக் கொண்டு நேரே பதித்துவிட்டது. சி++ மொழியிலாயின் அந்நிலையில் அடிப்படை வகுப்பின் முறையே அழைக்கப்பட்டிருக்கும். அது வேறு வகையான சங்கடம். ஆக்கியினுள் இத்தகைய அழைப்புக் கூடாதென்று யோசுவா புளொக் 2001இல் வெளியிட்ட ஜாவா நூலிலேயே எழுதியிருக்கிறார். அந்நூல் என் மேசையில்தான் இருந்தது.

திருத்தம் சிறியது. ஆக்கியிலிருந்து கணிப்பை அகற்றினேன். காரணியை ஆக்கியே நேரடியாகப் பெற்றுக்கொள்ளும். அது பூச்சியமோ அதனிற் குறைவோ எனில் பொருள் உருவாகாது, வழுச்செய்தி எழும். மொத்தம் கேட்கப்படும்போதே கணிக்கப்படும்.

மறுநாள் அவரை அழைத்து, நடந்ததைச் சொன்னேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கு நாள்களே இருந்தன. சற்று நேரம் பேசாதிருந்தவர், "அப்படியெண்டால் சேர், நான் முதல் எழுதினதே சரிதானா?" என்று கேட்டார்.

"சரிதான்" என்றேன்.

அழித்ததன் பிரதி ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க அவர் கணனி ஆய்வுகூடத்துக்குப் போனார். நானும் பின்னால் சென்றேன்.