வரிசை மாறினால் கூடுதல் மாறுமா?

ஒன்றும் இரண்டும் சமம் என்று முடியும் போலி நிறுவல்களுள், பூச்சியத்தால் வகுத்துவிட்டு அதை மறைக்கும் வகை எளிதில் பிடிபட்டுவிடும். முடிவிலியைக் கையாளும் வகையோ, ஒவ்வொரு வரியும் சரியாகவே தோன்றுவதால், தேர்ந்த மாணவரையும் நெடுநேரம் அலைக்கழிக்கும். அவற்றுள் மிக அழகியது 1 − 1/2 + 1/3 − 1/4 + … என்னும் முடிவிலாத் தொடரைக் கொண்டு செய்யப்படுவது. இதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகையில் கிடைக்கும் பகுதிக் கூடுதல்கள், ஏறியும் இறங்கியும் 0.693… என்ற எண்ணை, அதாவது 2இன் இயல் மடக்கையை, நெருங்குகின்றன. இவ்வாறு நெருங்குவதையே தொடர் ஒருங்குகிறது என்பர்.

இனி, ஒரு மிகை உறுப்பை அடுத்து இரண்டு குறை உறுப்புகள் வருமாறு 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + … என வரிசையை மாற்றி, ஒவ்வொரு மிகை உறுப்பையும் அதை ஒட்டி நிற்கும் குறை உறுப்போடு சேர்த்துச் சுருக்கினால், 1/2 − 1/4 + 1/6 − 1/8 + … என்று முதல் தொடரில் சரிபாதி வந்து நிற்கிறது. உறுப்பு ஒன்றும் விடுபடவில்லை, இருமுறை வரவும் இல்லை; ஆகவே முழுமையும் பாதியும் சமம் என்கிறது நிறுவல்.

பிழை சுருக்கலில் இல்லை. உறுப்புகள் அவையேயானால் கூடுதலும் அதுவே என்று சொல்லாமலே கடந்துவிட்ட இடத்தில் இருக்கிறது. முதல் 30 உறுப்புகளை எண்ணினால், மூலத் தொடரில் மிகையும் குறையும் பதினைந்து பதினைந்தாக இருக்க, மாற்றிய தொடரில் மிகை 10, குறை 20 என்றிருக்கும். முடிவுள்ள பட்டியலாயின் குறை உறுப்புகள் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோக, காத்திருந்த மிகை உறுப்புகள் வந்து கணக்கை நேர்செய்துவிடும். முடிவிலாப் பட்டியலில் அந்தக் கட்டம் வருவதே இல்லை.

குறிகளையெல்லாம் மிகையாக்கினாலும் ஒருங்கும் தொடரில் வரிசை மாற்றம் கூடுதலைத் தொடாது என்பதை ஜெர்மானியக் கணிதர் டிரிக்லே 1837இல் காட்டினார். மிகையாக்கினால் எல்லையின்றி வளரும் இத்தகைய தொடரையோ, வரிசையை மாற்றியே விரும்பிய எந்த எண்ணுக்கும் கொண்டுசெல்லலாம் என்று 1854இல் ரீமான் கண்டது, அந்தத் தவற்றையே தேற்றமாக உயர்த்திய அரிய செயல்.

கல்லூரி ஆசிரியர்கள் இத்தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதுமுன், இரு வரிசைகளிலும் 30 உறுப்புகள் வரை மாணவர்களையே கூட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்; ஒன்றில் ஏறத்தாழ 0.677உம் மற்றதில் 0.334உம் கிடைக்கும்.