தூரத்திலிருந்து ஒரு சுவிட்ச்



டிவி பெட்டி உறைந்துபோனால் சுவிட்சை அணைத்துப் போடுகிறோம். ஆளில்லாத டேட்டா சென்டரில் சர்வர் உறைந்துபோனால்? அந்த வேலையில் இருக்கும் என் பழைய மாணவனிடம் கேட்டேன்.

சர்வர்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பி.டி.யூ. என்ற பட்டைக்கும் நெட்வொர்க் இணைப்பு உண்டாம். வீட்டிலிருந்தே கட்டளை கொடுத்தால் குறிப்பிட்ட சாக்கெட் மட்டும் அணைந்து, சில விநாடியில் மறுபடி கரண்ட் வரும்.

"சாக்கெட் நம்பரை இரண்டு தடவை பார்ப்பேன் டீச்சர். மாறினால் நன்றாக ஓடுகிற மெஷின் நின்றுவிடும்" என்றான்.

"நெட்வொர்க்கே போய்விட்டால்?"

"அதற்குத்தான் தனியாக இன்னொரு லைன்."

அந்த இன்னொரு லைனும் போன கதை உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று இதே ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் முடங்கியது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை டேட்டா சென்டர்களின் தொடர்பைத் துண்டித்தது. மாற்று வழியும் வேலை செய்யாததால் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று.

பூட்டிய வீட்டுக்குள்ளேயே மாற்றுச் சாவியை வைத்தால் என்ன பயன்? பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும்.

அவன் வீட்டாரும் இதைப் படிப்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் போன் அடித்தால் கோபிக்காதீர்கள். நம்பர் பார்க்கிற நேரம் அது.